உயர்த்திய ஜீப்புக்குச் சேற்று டயர்: அளவை எப்படித் தீர்மானிப்பது?

மாரி நெருங்கும்போது திருகோணமலையில் ஜீப், கெப் வைத்திருப்பவர்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழும்: "வாகனத்தை உயர்த்திவிட்டேன், இனி எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது உண்மை. ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனத்தின் விலை பலருக்கு எட்டாது. எனவே பழைய மிட்சுபிஷி ஜீப், டிஃபெண்டர், பஜேரோ, ஹைலக்ஸ் என்று கையில் இருப்பதையே உயர்த்தி, பெரிய டயர் போட்டு ஓட்டப் பார்க்கிறார்கள்.

சிக்கல் கேள்வியின் வரிசையிலேயே இருக்கிறது. உயர்த்திய பிறகு டயர் தேடுவது தலைகீழ் வேலை. எந்தச் சேற்றில் ஓடப் போகிறோம் என்பதுதான் டயரின் அளவைச் சொல்ல வேண்டும். அந்த டயர் இடிக்காமல் சுழல எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவுக்கு மட்டும் வாகனத்தை உயர்த்தினால் போதும். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், வாகனமும் கெடும். காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## டயரில் எழுதியிருப்பதை வாசிப்பது

சேற்று டயர்களின் அளவை மூன்று விதமாக எழுதுவார்கள்.

1. 265/75 ஆர் 16: டயரின் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 வீதம். ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 'ஆர்' என்றால் ரேடியல், அதாவது உள்ளிழைகள் டயருக்குக் குறுக்கே ஓடும் அமைப்பு.
2. 31×10.50 ஆர் 15: டயரின் முழு உயரம் 31 அங்குலம், அகலம் பத்தரை அங்குலம், ரிம் 15 அங்குலம்.
3. 7.50–16: பழைய முறை. அகலம் ஏழரை அங்குலம், ரிம் 16 அங்குலம். உயரம் எழுதப்பட்டிருக்காது. இந்த அளவுக்கு ஏறத்தாழ 31½ அங்குலத்துக்குச் சற்று மேலே வரும்.

முதல் வகையிலிருந்து முழு உயரத்தைக் கணக்கிடுவது சுலபம். 265-இல் 75 வீதம் 198.75. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர் என்பதால் 397.5. அதோடு ரிம்மின் 16 அங்குலத்தை, அதாவது 406.4 மில்லிமீற்றரைக் கூட்டினால் 803.9 வரும். அங்குலத்தில் சொன்னால் 31.6. இதே முறையில் பல ஜீப்களில் இருக்கும் 235/75 ஆர் 15 டயருக்குக் கணக்குப் போட்டால் 28.9 அங்குலம் கிடைக்கும். கடைக்காரர் "ரெண்டு சைஸ் பெரிசு" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கீழே வரும் எல்லா விளைவுகளும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

அகலத்தைப் பொறுத்தவரை இன்னொரு விடயம். ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் உண்டு. பத்தரை அங்குல டயருக்கு 7 முதல் 9 அங்குல ரிம் பொருந்தும். பன்னிரண்டரை அங்குல டயருக்கு 8½ அங்குலமாவது வேண்டும். வாகனத்தோடு வந்த ரிம் பெரும்பாலும் 6 அல்லது 7 அங்குலம்தான். அப்படியென்றால் அகல டயர் வாங்குகிறவர் ரிம்மும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும்.

## உயர்த்துவதும் பெரிய டயர் போடுவதும் ஒன்றல்ல

சேற்றிலோ பாறையிலோ முதலில் தட்டுவது பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷல், அதாவது இரு பக்கச் சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு. ஸ்பிரிங்கை மாற்றி வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினால் செசியும் பொடியும் உயரும். ஆனால் டிஃபரென்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது ஸ்பிரிங்குக்குக் கீழே அச்சோடு சேர்ந்தது. அதை நிலத்திலிருந்து தூக்கக்கூடியது டயர் ஒன்றுதான். முன் சில்லுகள் தனித்தனியாக ஆடும் வாகனங்களில் முன் டிஃபரென்ஷல் செசியோடு இருப்பதால் அது மட்டும் உயரும். பின்னால் இருப்பது உயராது.

அந்த உயர்வும் முழுதாகக் கிடைக்காது. டயரின் உயரம் கூடும் அளவில் பாதிதான் அச்சுக்குக் கீழே சேரும். மறு பாதி அச்சுக்கு மேலே போகும். 28.9 அங்குலத்திலிருந்து 31.6-க்குப் போனால் அச்சு உயர்வது 35 மில்லிமீற்றர். 33 அங்குலத்துக்கே போனாலும் 52 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம்தான். மேலே போகும் அந்த மறு பாதிதான் மட்கார்ட்டில் இடிக்கிறது. உயர்த்த வேண்டி வருவது அதனால்தான்.

உயர்த்துவதில் இரண்டு வழி உண்டு. பொடிக்கும் செசிக்கும் நடுவே கட்டைகளை வைத்துப் பொடியை மட்டும் தூக்குவது ஒன்று. டயருக்கு இடம் கிடைக்கும், ஆனால் செசியின் வயிற்றுப் பக்கம் பழைய உயரத்திலேயே இருக்கும். ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், ரேடியேட்டர் விசிறியைச் சுற்றிய கூடு எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். மற்றது ஸ்பிரிங், ஷொக் அப்சோபரை மாற்றி முழுதாகத் தூக்குவது. இதில் பிரேக் குழாய் எட்டாமல் போகலாம், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டின் கோணம் கூடி அதிரலாம், ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையலாம். லீஃப் ஸ்பிரிங் வாகனத்தில், ஸ்பிரிங்கின் நுனியைச் செசியோடு இணைக்கும் ஷேக்கிளை மட்டும் நீட்டி உயர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வாகனம் ஓர் அங்குலம்தான் உயரும். முன்பக்கம் அதைச் செய்தால் முன் அச்சு சற்றுச் சுழன்று ஸ்டியரிங்கின் நேர்நிலையும் குறையலாம்.

## சேற்றுக்குள் டயர் என்ன செய்கிறது?

பலரும் நினைப்பது இது: அகலமான டயர் அதிக நிலத்தைத் தொடும், ஆகவே புதையாது. இதில் பாதிதான் உண்மை.

ஒரு டயர் நிலத்தைத் தொடும் பரப்பை முக்கியமாக நிர்ணயிப்பவை இரண்டு: அதன் மேல் இறங்கும் பாரம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம். ஒரு சில்லின் மேல் 500 கிலோ இறங்குகிறது என்று வைப்போம். 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 500-ஐ அதால் வகுத்தால் தொடும் பரப்பு 237 சதுர சென்ரிமீற்றர் அளவில் வரும். பக்கச்சுவரின் விறைப்பால் இது சற்று மாறும், அவ்வளவுதான். அதே 30 பி.எஸ்.ஐ.யில் இன்னும் அகலமான டயரைப் போட்டாலும் பரப்பு பெரிதாகக் கூடாது, அதன் வடிவம்தான் மாறும். ஒடுங்கிய டயரின் தடம் நீளமாக இருக்கும், அகல டயரின் தடம் குறுக்கே பரந்து இருக்கும். மாறாக, இருக்கும் டயரிலேயே காற்றை 15 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்தால் பரப்பு 474 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதம் செலவில்லாமல் இரண்டு மடங்கு.

அப்படியென்றால் பெரிய டயரால் என்ன பயன்? அதற்குள் காற்றின் கனவளவு அதிகம், பக்கச்சுவரும் உயரம். ஆகவே காற்றைக் குறைத்தாலும் ரிம் நிலத்தில் இடிக்காமல் தாங்கும். குறைந்த அழுத்தத்தில் ஓட அனுமதிப்பதுதான் பெரிய டயரின் உண்மையான வரம். 33 அங்குல டயரைப் போட்டுவிட்டு 35 பி.எஸ்.ஐ.யோடு சேற்றில் இறங்குகிறவர், தான் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பயனைப் பயன்படுத்தவே இல்லை.

இனி மேற்பரப்பு. சேற்று டயரின் ரப்பர் கட்டைகள் பெரியவை, அவற்றுக்கு நடுவே பள்ளங்கள் அகலமானவை. பள்ளம் அகலமாக இருப்பது சேற்றைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, அதைவிட முக்கியமாகப் பிடித்த சேற்றை உதறுவதற்கு. சில்லு சுழலும்போது சேறு வெளியே வீசப்பட்டால்தான் அடுத்த சுற்றில் கட்டை புதிதாகக் கடிக்கும். உதறாவிட்டால் பள்ளம் நிரம்பி, டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். வயலில் நிற்கும் உழவு இயந்திரத்தின் பின் சில்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாய்ந்த கட்டைகள் நடுவில் கூர்மையாகச் சந்திக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும், ஓரம் திறந்திருக்கும். முன்னோக்கிச் சுழலும்போது சேறு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறும். நல்ல சேற்று டயரின் தோள்பட்டையிலும் இதே திறந்த ஓரம் இருக்க வேண்டும். கட்டைகள் பக்கச்சுவர் வரை இறங்கியிருந்தால், ஆழமான சில்லுத் தடத்துக்குள் ஓடும்போது இரு பக்கச் சேற்றையும் பிடித்து ஏற அது உதவும்.

## மாவட்டத்தின் சேறு ஒரே மாதிரி இல்லை

ஒடுங்கிய உயர டயரா, அகல டயரா என்ற விவாதத்துக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சேற்றுக்கு அடியில் கெட்டி நிலம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு ஆழத்தில்?

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து வயல்கள்: பரம்பரை பரம்பரையாகத் தண்ணீர் கட்டி உழுது வந்த நிலம். ஒவ்வொரு போகமும் ஒரே ஆழத்துக்கு உழுது மிதிக்கப்பட்டு, கலங்கிய சேற்றுக்கு அடியில் ஒரு கெட்டித் தட்டு உருவாகியிருக்கும். பொதுவாக ஒரு சாண் அளவிலோ அதற்குச் சற்றுக் கீழோ அது இருக்கும். இங்கே மிதக்க முயல்வதைவிட, சேற்றை வெட்டி இறங்கிக் கெட்டியைத் தொடுவதுதான் பலன் தரும். ஒடுங்கிய, உயரமான டயர் அதைச் செய்யும். அச்சு சேற்றில் உரசாத அளவுக்கு உயரம் மட்டும் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஆறு அங்குல அகல டயரோடுதான் சேற்றைக் கடந்தது. டிஃபெண்டரில் 7.50–16 நெடுங்காலம் நிலைத்ததற்கும் இதே காரணம்தான்.

மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கம், வெருகல், மூதூர், கிண்ணியா களப்போரம்: இது வேறு நிலம். ஆறு கொண்டுவந்து படிய வைத்த வண்டல். கண்டல் வேர்களுக்கு நடுவே கம்பை விட்டால் இறங்கிக்கொண்டே போகும். அடியே இல்லாத இந்தச் சுரியில் ஒடுங்கிய டயர் அச்சு வரை இறங்கிவிடும். வயலில் பலகையைப் போட்டு நடப்பதுபோல மேலோடு மேலாகப் போவதுதான் வழி. அகல டயர், குறைந்த காற்று, மெதுவான சீரான ஓட்டம் வேண்டும். அப்படியும் சில இடங்களில் எந்த டயரும் போதாது. அங்கே போகாமல் இருப்பதுதான் சரியான தீர்மானம். போகத்தான் வேண்டுமென்றால் இன்னொரு வாகனமும் இழுவைக் கயிறும் கூட வர வேண்டும்.

முதலிக்குளம், குமரன்கடவைப் பக்கத்துக் காட்டோரப் பாதைகள்: செங்கபில மண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. ஆழம் அதிகமில்லை, ஆனால் வழுக்கும், டயரில் ஒட்டும். சேற்றை உதறும் தன்மைதான் இங்கே அளவைவிட முக்கியம். கிரவல் வீதியில் மழைக்குப் பிறகு படரும் மெல்லிய சேறும் இந்த வகைதான். இதற்கு எல்லா நிலத்துக்குமான (ஓல் டெரெய்ன்) டயரே போதும். சேற்று டயர் வாங்க நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான் என்பது என் கருத்து.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மீன் வாடிக்குப் போகும் மணல் பாதைகள்: இங்கே சேற்று டயர் கெடுதலே செய்யும். கட்டைகள் மணலைக் கிண்டிக் கிண்டிக் குழி தோண்டும். சேற்று டயரோடு மணலில் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டு மெதுவாக எடுங்கள்.

உயரம் ஒன்றாக இருந்தாலும் அகலத்தில் தெரிவு உண்டு என்பதற்கு ஓர் உதாரணம்: 235/85 ஆர் 16 டயரும் 265/75 ஆர் 16 டயரும் ஏறத்தாழ ஒரே உயரம், 31.7 அங்குலமும் 31.6-உம். வயல் பக்கம் அதிகம் ஓடுகிறவருக்கு முதலாவது, களப்போரம் ஓடுகிறவருக்கு இரண்டாவது. இரண்டிலும் உயர்த்த வேண்டிய அளவு ஏறத்தாழ ஒன்றே.

## வாகனம் கொடுக்கும் விலை

பெரிய டயரின் விலை கடையில் கொடுப்பதோடு முடிவதில்லை. மிச்சத்தை வாகனத்தின் ஒவ்வொரு பாகமும் கொடுக்கிறது. 28.9 அங்குலத்திலிருந்து 33-க்குப் போகும் ஒருவரை வைத்துப் பார்ப்போம்.

1. இழுவை. டயரின் சுற்றளவு 14 வீதம் கூடுகிறது. அதே கியரில் சில்லு நிலத்தைத் தள்ளும் விசை எட்டில் ஒரு பங்கு குறையும். பழைய டீசல் எஞ்ஜினுக்கு இது பெரிய இழப்பு. முதல் கியரில் எடுக்கவே கிளச்சை அதிகம் உரச வேண்டி வரும், கிளச் தட்டு கருகும். இதை ஈடுசெய்ய டிஃபரென்ஷலின் பல்விகிதத்தை, அதாவது சில்லு ஒருமுறை சுழலப் புரொப்பெல்லர் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்ணை, மாற்ற வேண்டும். 4.3 இருந்தால் 4.88 அளவுக்கு. முன்னும் பின்னும் இரண்டிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சில்லு இழுவையைப் போட்டால் கியர்பெட்டி உடையும். டயரை விட இந்த வேலைக்குச் செலவு கூடும்.

2. பிரேக். பிரேக் கொடுக்கும் முறுக்கு அதேதான், டயரின் ஆரம் கூடிவிட்டது. ஆகவே நிலத்தில் நிறுத்தும் விசை அதே எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு டயரின் நிறை. பழைய டயர் 14, 15 கிலோ என்றால் 33 அங்குலச் சேற்று டயர் 25 கிலோ அளவில் இருக்கும். அந்த நிறை வெளி விளிம்பில் சுழல்வதால் அதை நிறுத்த இன்னும் பாடு. சேற்று டயரின் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், தாரைத் தொடும் ரப்பர் குறைவு. நனைந்த தார் வீதியில் இது மூன்றாவது குறை. ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக இரவில் வருகிறவர்களுக்கு யானை குறுக்கே வரும் என்பது தெரியும். அந்த இடத்தில் சில மீற்றர் நிறுத்தும் தூரம் உயிர் விடயம். பிரேக்கைப் பலப்படுத்தாமல் 33 போடுவதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

3. வேகமானி. 65 காட்டும்போது உண்மையில் 74 ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஊருக்கு வெளியே 70 என்ற எல்லை அங்கேயே தாண்டிவிடும். ஓடிய தூரமும் குறைத்தே காட்டும், ஆகவே எண்ணெய் மாற்றும் கணக்கும் பிழைக்கும்.

4. முன்பக்க மூட்டுகள். போல் ஜொயின்ட், டை ரொட், சில்லு பெயரிங், சில்லு திரும்பும்போதும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜொயின்ட் எல்லாம் தொழிற்சாலை போட்ட டயருக்காகச் செய்தவை. பெரிய டயர் நீண்ட நெம்புகோலாக நின்று ஒவ்வொரு பள்ளத்திலும் அவற்றை முறுக்கும். ரிம்மை வெளியே தள்ளிப் போட்டால் இன்னும் மோசம்: சில்லின் நடு பெயரிங்கை விட்டு விலகிப் போகும், ஸ்டியரிங் கையை உதறும். தனித்தனியாக ஆடும் முன்பக்கம் உள்ள வாகனத்தை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் சி.வி. ஜொயின்ட்டின் கோணம் எல்லையைத் தொட்டுவிடும். சேற்றில் சில்லை முழுதாகத் திருப்பி, ஆக்சிலேட்டரையும் மிதிக்கும் நேரத்தில்தான் அது உடையும்.

5. கவிழும் அபாயம். சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது வாகனத்தின் நிலைப்பு எண். உதாரணத்துக்கு அகலம் 1400 மில்லிமீற்றர், மையத்தின் உயரம் 700 என்றால் 1.0. உயர்த்தியும் பெரிய டயர் போட்டும் மையம் 80 மில்லிமீற்றர் மேலே போனால் 0.90. எண் சிறியதாகத் தெரியும். ஆனால் வளைவில் வெட்டித் திருப்பும்போதும் குளக்கட்டில் பக்கவாட்டாகச் சாய்ந்து போகும்போதும் அந்த வித்தியாசம்தான் கவிழ்க்கும். கூரை மேல் சாமான் கட்டுவது பழக்கம் என்றால் அதை நிறுத்திவிட வேண்டும்.

இதையே 31.6 அங்குலத்துக்குக் கணக்குப் பார்த்தால் இழுவை இழப்பு 9 வீதத்துக்குள் நிற்கிறது. 65-இல் வேகமானி 71 அளவுக்குத்தான் பிழைக்கும். பல்விகிதத்தை மாற்றாமல் சமாளிக்கலாம், பிரேக் நல்ல நிலையில் இருந்தால் போதும். அன்றாடம் டவுனுக்கும் வயலுக்கும் ஓடும் வாகனத்துக்கு 31, 32-ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். 33-உம் அதற்கு மேலும் சேற்றுக்கென்றே ஒதுக்கி, டிஃபரென்ஷலும் பிரேக்கும் மாற்றிய வாகனத்துக்கு உரியவை.

## இடிக்கிறதா என்று பார்ப்பது

கராஜில் சமதரையில் நிற்கும்போது எந்த டயரும் பொருந்தியதுபோலத்தான் தெரியும். வாகனம் முறுகும்போதுதான் இடிக்கும். அதை வாங்குவதற்கு முன், கடன் வாங்கிய ஒரு சோடி டயரை வைத்துப் பார்த்துவிடலாம்.

டயரின் இரு தோள்பட்டையிலும் வெள்ளைச் சோக்கைத் தடித்துப் பூசுங்கள். முன் இடது சில்லை ஒரு வரம்பின் மேல் ஏற்றி, அந்த மூலையில் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்படி நிறுத்துங்கள். வலது பக்கம் தாழ்ந்து தொங்கட்டும். அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பிறகு பக்கம் மாற்றிச் செய்யுங்கள். இறங்கிப் பார்த்தால் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரியும். மட்கார்ட்டின் பின் ஓரத்தில் என்றால் தகரத்தை வெட்டி மடிக்கலாம். செசியிலோ அச்சைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆமிலோ ஒட்டியிருந்தால், சில்லு திரும்பும் எல்லையைக் கட்டுப்படுத்தும் ஸ்டியரிங் தடுப்பு போல்ட்டை நீட்ட வேண்டும், திருப்பும் வட்டம் பெரிதாகும். பிரேக் குழாயில் ஒட்டியிருந்தால் அந்த டயரை அதோடு விட்டுவிடுங்கள், அல்லது குழாயின் பாதையை மாற்றிய பிறகுதான் ஓட்டுங்கள். மட்கார்ட்டின் மேல் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தால் மட்டும்தான் உயர்த்துவது தீர்வு, அதுவும் ஒட்டிய அளவுக்கு. அமுங்கும் எல்லையைக் கட்டுப்படுத்தும் ரப்பர் தடுப்பை நீட்டுவதும் சில வேளைகளில் போதும்.

சேறு ஒட்டினால் டயர் இன்னும் தடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலமாவது மிச்சம் இருக்கட்டும்.

## கடையில் கவனிக்க வேண்டியவை

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர். கட்டை தேயாமல் புதிதுபோல் இருந்தாலும், கரையோர வெயிலில் கிடந்த பழைய டயரின் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். பெருவிரலால் அழுத்தி வளைத்தால் தெரியும். காற்றைக் குறைத்து ஓடும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும்.

அளவுக்கு அடுத்து 112/109க்யூ போல ஒரு குறி இருக்கும். 112 என்றால் தனிச் சில்லாக 1120 கிலோ தாங்கும். க்யூ என்றால் 160 கிலோமீற்றர் வரை. கெப்பில் நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ரீபில்ட் டயரில் சேற்றுக் கட்டை ஒட்டி விற்பதும் உண்டு. விலை குறைவு. மெதுவாக, முழுக் காற்றோடு ஓட்டுகிறவருக்குச் சரி. காற்றைக் குறைத்து ஓட்டினால் பக்கம் மடிந்து மடிந்து சூடேறும், ஒட்டிய பட்டை பிரியும். அதேபோலச் சிறு லொறிக்குரிய 7.50–16 ஊரில் சுலபமாகக் கிடைக்கும், உறுதியானது, வயலுக்கு நல்ல உயரம். ஆனால் பக்கச்சுவர் விறைப்பு. இலேசான ஜீப்பில் காற்றைக் குறைத்தாலும் அது பரவாது.

## காற்றும் வெள்ளமும்

டயர் போட்ட பிறகு அழுத்தத்தை ஓரளவுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: தார் வீதியில் வாகனத் தயாரிப்பாளர் சொன்ன அளவு, கிரவலில் 25, சேற்றில் 18 முதல் 20, மணலில் 15. பன்னிரண்டுக்குக் கீழே போனால் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடலாம். குறைத்த காற்றோடு 40 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாது. தாருக்கு ஏறியதும் மீண்டும் அடிக்க வேண்டும். பற்றரியில் ஓடும் சிறு கொம்ப்ரஷரும் அழுத்தம் பார்க்கும் மானியும் இல்லாமல் சேற்று டயர் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஓடும் வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய டயர் இருந்தால் வெள்ளத்தைக் கடக்கலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 33 அங்குல அகல டயர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறத்தாழ 100 லீற்றர் காற்று இருக்கிறது. தண்ணீர் டயரை மூடும் உயரத்துக்கு வந்தால் நான்கும் சேர்ந்து நூற்றுக்கணக்கான கிலோ பாரத்தை நிலத்திலிருந்து தூக்கிவிடும். நிலத்தில் பிடி போனதும் நீரோட்டம் வாகனத்தைப் பக்கவாட்டாக இழுத்துக்கொண்டு போகும். தேங்கிய நீர் என்றாலும், டிஃபரென்ஷலின் மூச்சுக் குழாயை மேலே நீட்டி வைக்காவிட்டால் சூடான அச்சு தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மறுநாள் எண்ணெய் பால் நிறமாக இருக்கும்.

## மிச்சமிருக்கும் இரண்டு வேலை

உயர்த்துவதும் டயர் அளவை மாற்றுவதும் வாகனத்தின் அமைப்பை மாற்றுவதுதான். வேலையைத் தொடங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு "சொல்லாமல் மாற்றிவிட்டீர்கள்" என்ற பதில் வந்தால் வாதாட இடமிருக்காது.

டயரை நான்காக வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள். நான்கு பெரிய டயரும் ஒரு பழைய சிறிய ஸ்பெயாருமாக ஓடுகிறவர்கள் ஏராளம். பஞ்சரானதும் அச்சின் ஒரு பக்கம் 33, மறுபக்கம் 29 என்று பூட்டினால் டிஃபரென்ஷல் நேர்ப் பாதையிலும் ஓயாமல் சுழன்று சூடேறும். நான்கு சில்லு இழுவையைப் போட்ட நிலையில் தாரில் ஓடினால் கியர்பெட்டி முறுகிக்கொள்ளும். ஐந்தாவது டயரை எங்கே மாட்டுவது என்பதையும் முதலிலேயே பாருங்கள். ஹைலக்ஸ் போன்ற கெப்பின் அடியில் தொங்கும் இடத்துக்கு 33 பெரும்பாலும் ஏறாது. பின் கதவில் மாட்டும் ஜீப்பில், ரிம்மோடு 35 கிலோவைத் தாண்டும் சில்லைத் தாங்கப் பழைய கதவுப் பிணைச்சலால் முடியாது. பம்பரோடு சேர்ந்த தனித் தாங்கி ஒன்றை அடித்துக்கொள்ள வேண்டும், அந்தச் செலவையும் டயர் வாங்கும் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.